லண்டனின் பழைய செங்கல் டெரஸ் வீடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெரஸ் என்றதும் நமக்கு மொட்டை மாடிதான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் டெரஸ் என்றால் பக்கச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு தெரு நெடுக ஒட்டி நிற்கும் வீட்டு வரிசை. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது பழகிய சொல்.

1666 பெருந்தீக்கு அப்புறம்தான் லண்டனில் இப்படிச் செங்கல் வரிசைகள் வந்தன என்று நினைத்துவிடாதீர்கள். நியூவிங்டன் கிரீனில் 52 முதல் 55 வரை எண்ணுள்ள நான்கு வீடுகள் 1658-லேயே கட்டப்பட்டவை. இன்றும் நிற்கின்றன. செங்கல் அல்லது கல்லால்தான் கட்ட வேண்டும் என்று 1667 சட்டம் நகருக்குள் கட்டாயமாக்கியது, அவ்வளவுதான்.

அடைத்த ஜன்னலைக் கண்டால் உடனே ஜன்னல் வரி என்று சொல்வது இன்னொரு தவறு. ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. வரிக்குப் பயந்து அடைத்தவர்களும் உண்டு. ஆனால் முகப்பின் சீர் கெடக்கூடாது என்று முதலிலேயே பொய் ஜன்னலாகக் கட்டியவையும் நிறைய. கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். நேர் மேலே புகைபோக்கி நின்றால், புகை போகும் வழி சுவருக்குள் இருக்கும் என்பதால், அந்த இடத்தில் பெரும்பாலும் ஜன்னல் இருந்திருக்காது.

ஒரு வீட்டை மட்டும் தனியாகப் பார்ப்பதும் சரியில்லை. 1775-ல் தொடங்கிய பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரே அரண்மனை போலத் தெரியும். நடுப் பகுதிக்கு மட்டும் வெள்ளைப் பூச்சு, உச்சியில் முக்கோண முகடு. இருபுறமும் வெறும் செங்கல். அப்படிப்பட்ட வரிசையில் ஒருவர் மட்டும் தன் முகப்புக்குப் பெயின்ட் அடித்தால் மொத்த வரிசையும் கெடும்.

இவற்றையெல்லாம் விட எனக்கு மனசு பதறுவது சிமெண்ட் பாயிண்டிங்கை, அதாவது செங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருப்பதைப் பார்க்கும்போதுதான். பழைய செங்கல் மென்மையானது. அதைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. சுவரில் இறங்கிய மழை ஈரம் அந்தச் சாந்து வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும். அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் வைத்தால் ஈரம் போக வழியில்லாமல் செங்கல் வழியே வரும். உப்பு முகப்பில் பூக்கும், குளிர்காலத்தில் உள்ளே நீர் உறைந்து விரியும். சில வருடங்களில் கிட்டே போய்ப் பாருங்கள்: சிமெண்ட் கோடுகள் படச்சட்டம் போலத் துருத்தி நிற்கும், நடுவில் செங்கல் குழிந்திருக்கும், தொட்டால் தூள் விரலில் ஒட்டும். அழுக்கு போக மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலும் இதே கதிதான். சூளையில் வெந்த மேல்தோல் போய்விடும்.

ஏற்கெனவே யாரோ சிமெண்ட் வைத்துவிட்டார்களா? கட்டிங் மெஷினை எடுக்காதீர்கள். செங்கல் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். உளியால் ஓரிடத்தில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சுலபமாகப் பெயர்ந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள். செங்கல்லைப் பிய்த்துக்கொண்டு வந்தால், தானாகத் தளரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.