ஒரே கியர் சைக்கிள் வாங்கும் முன் பின்சக்கரம் நகருமா என்று பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே எங்கள் சைக்கிள் குழு திருவான்மியூரில் கூடியிருந்தோம். புதிதாக ஓர் இளைஞர் வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, கியர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே கியர் வண்டியாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார். புதுப் பச்சை வண்ணம் தெருவிளக்கில் மின்னியது. நான் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். செயினுக்குக் கீழே சின்னக் கை ஒன்று தொங்கியது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் உருளை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

வார நாளில் அலுவலகம், ஞாயிறன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும் குழு, இரண்டுக்கும் ஒரே கியர் சைக்கிள் போதும். சென்னை மேடில்லாத ஊர். பராமரிக்கவும் அதிகம் இல்லை. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், இன்னும் பலர் ஓட்ட வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஹெல்மெட், விளக்கு, பூட்டு, உயரத்துக்கேற்ற சட்டம் (ஃப்ரேம்) பற்றியெல்லாம் எவரும் சொல்வார்கள். எவரும் சொல்லாமல் விடுவதை எழுதுகிறேன்.

நகராத பின்சக்கரம்

எல்லாரும் முதலில் கேட்பது, "முன்னால் 46 பல் போடலாமா, 48 போடலாமா?" என்பதுதான், அதாவது பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று. அது பிறகு வரவேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தின் பின்முனை.

பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தை டிராப்அவுட் என்கிறோம். பால்காரர் ஓட்டும் கறுப்பு சைக்கிளில் அந்த இடத்தைப் பாருங்கள். நீளமான காடி (வெட்டு) ஒன்று படுக்கைவாக்கில் பின்பக்கம் திறந்திருக்கும். நட்டைத் தளர்த்தினால் சக்கரம் முன்னும் பின்னும் நகரும். இப்போது வரும் கியர் சைக்கிள்களில் காடி பெரும்பாலும் செங்குத்தாக இருக்கிறது. அச்சு அதில் ஒரே ஓர் இடத்தில்தான் உட்காரும். கியர் வண்டிக்கு அதனால் குறையில்லை, ஏனென்றால் செயினின் தொய்வைக் கியர் மாற்றும் கை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரே கியர் வண்டியில் அந்தக் கை கிடையாது. செயின் தொய்ந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

தொய்யாத செயினும் கிடையாது. அரை அங்குலக் கண்ணிகள் நூறு கொண்ட செயினின் நீளம் 127 செ.மீ. அது அரை சதவீதம் தேய்ந்தாலே 6 மி.மீ. நீண்டுவிடும். கண்ணியைக் கழற்றிக் குறைக்கலாமே என்று தோன்றும். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் இணையாக வருவதால் ஓர் அங்குலமாகத்தான் கழற்ற முடியும். அப்போது சக்கரம் அரை அங்குலம் முன்னால் வந்தாக வேண்டும். அரைக் கண்ணி என்று தனியாக ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டாலும் கால் அங்குல நகர்வு வேண்டும். செங்குத்துக் காடியில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. எடை குறைந்த அலுமினியச் சட்டம் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. "டென்ஷனர் மாட்டினால் போதும் சார்" என்றார் விற்றவர். அந்த இளைஞர் வண்டியில் தொங்கிய, செயினை இழுத்துப் பிடிக்கும் உருளைக் கைதான் அது. டென்ஷனருக்கு 1,500. ஒரே கியருக்கு ஏற்ற ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) போட்டுப் பின்சக்கரம் கட்ட 4,500. ஆக 14,000 ரூபாய். அலுவலகம் போகும் சர்தார் படேல் சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த உருளை கடகடவென்று ஆடியது. சிக்னலில் எழுந்து நின்று மிதித்தால் செயின் பல் தாண்டியது.

பிறகு டென்ஷனரே இல்லாமல் பொருந்தும் பல் கணக்கைத் தேடினேன். முன்னால் 42, பின்னால் 17 போட்டபோது செயின் கச்சிதமாக நின்றது. சத்தமில்லை, தொய்வில்லை. இரண்டு மாதம் அவ்வளவு ஆனந்தமாக ஓட்டினேன். அதற்குள் செயின் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. மறுபடி இழுத்துக்கட்ட வழியில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

முட்டுக்காடு பாலம். குழுவில் மூன்றாவது ஆளாக, மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதும் செயின் கழன்றது. முழு பலத்தோடு அழுத்திய கால் வெறுமனே கீழே போயிற்று. நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதியது. எனக்குப் பின்னால் வந்தவர் வலப்பக்கம் ஒடித்தார். அதே நேரம் அந்தப் பக்கம் ஒரு பஸ் கடந்தது. அவருக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு முழம்கூட இருந்திருக்காது. நான் விழவில்லை, அவரும் விழவில்லை. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. வாங்கும்போது ஒரு ஸ்கேலைக் காடியில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

காடி படுக்கைவாக்கிலோ சாய்வாகவோ இருக்க வேண்டும். அச்சு நகர 20 மி.மீ.யாவது இடம் வேண்டும். பின்னால் ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு சுமார் 3 மி.மீ. நகரும். 20 மி.மீ. இருந்தால் செயினைத் தொடாமலே நான்கைந்து பல் வரை மாற்றிப் பார்க்கலாம், தேய்மானத்துக்கும் மிச்சம் இருக்கும். பழைய இரும்பு ரேஸ் சைக்கிள் சட்டங்களில் முன்பக்கம் திறந்த சாய்வுக் காடி இருக்கிறது. என் பார்வையில் இந்த இரட்டைப் பயன்பாட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. பின்பக்கம் திறந்த காடியில் சக்கரத்தைப் பின்னால் உருவும்போது மட்கார்டு இடிக்கும். மழையில் பஞ்சர் ஒட்டுபவருக்கு அது பெரிய தொல்லை.

செயினை இழுத்துக்கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நட்டையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுங்கள். செயின் பக்கத்து நட்டை முதலில் இறுக்குங்கள். பிறகு டயரைச் சட்டத்தின் நடுவுக்கு வருமாறு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபக்க நட்டை இறுக்குங்கள். பெடலை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் மற்ற இடங்களைவிட விறைக்கும். அந்த இடத்திலும் செயினின் நடுப்பகுதி விரலுக்கு மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும். வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பால்ரஸ் சீக்கிரம் போய்விடும்.

ஞாயிறு வேகத்தை நினைத்துப் பல்லைத் தேர்வது

முன்னால் 48, பின்னால் 16 பல் போட்டுப் பெடலை நிமிடத்துக்கு 90 முறை சுற்றினால் மணிக்கு 34 கி.மீ.க்கு மேல் போகலாம். கேட்க நன்றாக இருக்கும். மத்திய கைலாஷ் சிக்னலில் நின்ற இடத்திலிருந்து அதைக் கிளப்பிப் பாருங்கள். எட்டு கிலோமீட்டர் அலுவலகப் பாதையில் இப்படிப் பத்து முறை, வாரத்துக்கு ஐந்து நாள். முழங்கால் தாங்காது.

குழுவில் எதிர்காற்றைக் கண்டுதான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். எதிர்காற்றில் குழு மெதுவாகப் போகும், முன்னால் போகிறவரின் மறைவும் கிடைக்கும். ஒரே கியர்க்காரருக்குச் சோதனை பின்காற்றுதான். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது குழு 38, 40 என்று பறக்கும். அங்கே கால்களை வேகமாகச் சுற்றத் தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 110 சுற்று பழகியவருக்கு 44க்கு 16 போதும். ஏறக்குறைய 39 கி.மீ. வரை வரும். அந்தப் பழக்கத்துக்கு மூன்று மாதம் பிடிக்கும். பெரிய பல் வாங்க ஒரு நாள் போதும் என்பதால் எல்லாரும் அதையே செய்கிறார்கள்.

நான் செய்திருப்பது இது. ஹப்பின் இரு பக்கமும் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழல விடும் பல்சக்கரம்): ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16. முன்னால் 44. திங்கள் முதல் வெள்ளி வரை 18, நிமிடத்துக்கு 90 சுற்றில் 28 கி.மீ. சனிக்கிழமை இரவு சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிடுவேன். அச்சு 6 மி.மீ. பின்னால் போகும், பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். பத்து நிமிட வேலை. செங்குத்துக் காடியில் இது நடக்காது.

பிரேக்

இரண்டு வேண்டும். ஃப்ரீவீல் இல்லாத ஃபிக்ஸட் வண்டியானாலும் இரண்டு.

பையில் 15 ஸ்பானர் இல்லாமை

இந்த வண்டிகளின் அச்சு பெரும்பாலும் நட்டு போட்டது. மடக்கு டூல் செட்டுகளில் பொதுவாக 15 மி.மீ. ஸ்பானர் இருக்காது. கோவளம் தாண்டி பஞ்சரானால், ட்யூப் கையில் இருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

"28 அங்குலம்" என்று கேட்டு டயர் வாங்குவது

பால்காரர் சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மி.மீ.; உங்கள் வண்டியில் வரும் 700சி என்ற அளவு ரிம் 622 மி.மீ. சில கடைகளில் இரண்டையும் 28 என்றே சொல்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்.

செயினின் அகலம்

அரைக்கால் அங்குலப் பல்லில் 3/32 அங்குலச் செயின் உட்காராது. தலைகீழாக, 3/32 பல்லில் அரைக்கால் அங்குலச் செயின் போட்டால் ஓடும்.

மட்கார்டுக்கும் அகல டயருக்கும் இடமில்லாத சட்டம்

23 மி.மீ. டயர் மட்டுமே நுழையும் சட்டங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஐப்பசி மழையில் நம் சாலைகளுக்கு 28 மி.மீ. வேண்டும், 32 கிடைத்தால் இன்னும் நல்லது. மட்கார்டு மாட்டும் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மட்கார்டு இல்லாமல் மழையில் குழுவோடு வந்தால் உங்கள் சக்கரத்துச் சேறு முழுவதும் பின்னால் வருபவர் முகத்தில்தான்.

அந்த இளைஞரிடம் இதையெல்லாம் உத்தண்டி சுங்கச்சாவடிக்கு அருகே டீக்கடையில் நின்று சொன்னேன். "இப்போதுதான் அண்ணா வண்ணம் அடித்தேன்" என்றார். முகம் வாடிவிட்டது. இன்னொரு சட்டம் வாங்க இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை செயினை நானே வாரம் ஒரு முறை பார்த்துத் தருகிறேன் என்றும், பாலத்தில் மட்டும் குழுவின் கடைசி ஆளாக வரும்படியும் சொல்லியிருக்கிறேன்.