வெப்பமுள்ளை மட்டும் நம்பாதீர்கள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நெரிசலில் ஏர்கான் போட்டபடி ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். டாஷ்போர்டில் வெப்பமுள் நடுவிலேயே நிற்கிறது. எல்லாம் சரி என்று நினைப்போம். பல கார்களில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐத் தொட்டாலும் அந்த முள் அசையாது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அது ஏறும்போது காரியம் கைமீறியிருக்கும்.

ஓபிடி ரீடர் என்பது காரின் கணினித் தகவல்களைப் படித்துக் காட்டும் சிறு கருவி. ஒன்று வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் இருக்கும் சாக்கெட்டில் செருகுங்கள். கைபேசியில் உண்மையான கூலன்ட் வெப்பநிலை தெரியும். ஒரு வாரம் கவனித்து உங்கள் காரின் வழக்கமான எண்ணை மனத்தில் வையுங்கள். பெரும்பாலும் 85 முதல் 105 டிகிரி வரை.

அந்த எண் நெரிசலில் ஏறி, எக்ஸ்பிரஸ்வேயில் ஓடியதும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் விசிறியைப் பாருங்கள். என் காரில் 112 வரை போனது. கடைசியில் பார்த்தால் விசிறியை இயக்கும் மின் சுவிட்சான ரிலே பழுது! ஓடும்போதும் ஏறினால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அப்புறம் அதே ரீடரில் பேட்டரி வோல்டேஜையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும்.

ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுப்பது இங்கே குற்றம். ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.