தோள் பூட்டிக்கொண்டபோது

போன தை மாதம் வலது தோளில் லேசாகத் தொடங்கிய வலி, பங்குனிக்குள் கையையே பூட்டிவிட்டது. தலை பின்ன முடியவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மஞ்சக்குப்பம் போகும் டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகும். சுளுக்கு என்று நானே முடிவுகட்டி, தைலம் தேய்த்து, கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அதுதான் பெரிய தப்பு.

டாக்டர் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போவது. 40 முதல் 60 வயதில், அதுவும் என்னைப் போல சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம் வரும்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அப்புறம் மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டச் சொன்னார். அடுத்து, சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே நகர்த்துவது. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். முதல் கோடு என் மார்பு உயரம்தான். "இழுக்கிற மாதிரி இருக்கட்டும்மா, குத்துற மாதிரி வலிச்சா நிறுத்திடுங்க" என்றார். கேட்கிற எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

நடுவில் இரண்டு வாரம் கோடு நகரவே இல்லை, அழுதிருக்கிறேன். ஐந்தாம் மாதம் சமையலறை மேல் தட்டிலிருந்து புளி டப்பாவை நானே இறக்கினேன். அந்தச் சுவருக்கு மட்டும் இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை.