பற்கம்பி அணிந்தவர்களுக்கு: முதலில் நீர், பிறகு தூரிகை

பற்களுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் இரவில் பல்லிடுக்குகளில் நீரைப் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவியான வோட்டர் ஃப்ளொசரைப் பல் துலக்கிய பிறகு அல்லாமல், துலக்குவதற்கு முன்பே பயன்படுத்துவது நல்லது. கம்பிக்குப் பின்னால் சிக்கிய புட்டின் தேங்காய்ப்பூவையும் கொத்துரொட்டியின் இறைச்சி நாரையும் துடித்துப் பாயும் நீர் முதலில் தளர்த்தி வெளியேற்றிவிடுவதால், தூரிகை பல்லின் மேற்பரப்பைத் தடையின்றிச் சென்றடைகிறது. இறுதியில் தேய்க்கும் பற்பசையின் ஃப்ளோரைட்டும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் பல்லிலேயே தங்குகிறது. கருவியின் நுனியை ஈறின் விளிம்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் இளஞ்சூடான நீருடன் தொடங்கி, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பிராக்கெட்டின் மேலும் கீழும் சற்று நிறுத்தி நகர்த்துங்கள். உதடுகளை இலேசாக மூடி பேசினின் மேல் குனிந்துகொண்டால் நீர் சிதறாது.

இது தூரிகைக்கு மாற்றாகாது. பல்லோடு ஒட்டிய படலத்தை நீர் மட்டும் முழுமையாக அகற்றாது. இறுகிப்போன காரையைப் பல் வைத்தியர்தான் நீக்க வேண்டும். பிராக்கெட் கழன்றிருந்தாலோ, அண்மையில் பல் பிடுங்கியிருந்தாலோ, வைத்தியரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த கருவியாயின் சார்ஜரைக் கட்டாயம் பாருங்கள்: அதில் 120 வோல்ட் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், கொழும்பு வீடுகளின் 230 வோல்ட் மின்சாரத்தில் அதை நேரடியாகச் செருகக் கூடாது.