எட்டுப் பேர், இரண்டு நாள்: மதுரைக் குன்றுகளில் கல்லெழுத்துப் படிக்கும் பயணம் நடத்துவது எப்படி

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமி இன்னும் பாறையில் வெட்டியபடியே நிற்கிறது. கண்ணாடிப் பெட்டி கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. அந்த எழுத்தில் ஒரு வரியையாவது தானே கூட்டிப் படித்துவிட்டு இறங்குவதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். பள்ளி ஆசிரியர், குடியிருப்புச் சங்கம், நண்பர் வட்டம் என்று யார் வேண்டுமானாலும் நடத்தலாம். தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முன்தயாரிப்பை மட்டும் குறைக்கவே கூடாது.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். காரணம் பாறையிலேயே இருக்கிறது. குகைத்தளத்தின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருப்பார்கள். எழுத்து பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் அதை அண்ணாந்து பார்க்க முடியும். நால்வர் எழுத்தைப் பார்க்கும்போது மற்ற நால்வர் கீழே சமணத் துறவிகள் படுக்க வெட்டிய கற்படுக்கைகளை அளக்கலாம். இருபது பேர் போனால் பதினாறு பேர் சும்மா நிற்பார்கள். சும்மா நிற்பவர்கள் கையில்தான் சாக்பீஸ் முளைக்கும். எட்டுப் பேர், நடத்துபவர் ஒருவர், துணைக்கு ஒருவர் என்றால் 12 பேர் உட்காரும் வேன் சரியாக இருக்கும்.

எங்கே தொடங்குவது

பெயர் பெற்றது மாங்குளம் என்பதால் பலரும் முதலில் அங்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள். அது வேண்டாம். மீனாட்சிபுரத்திலிருந்து மலையேற்றம் கொஞ்சம் கடுமையானது. ஏறி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, பழகாத கண்ணோடு நீளமான வரியைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. முதல் நாள் காலைக்குத் திருமங்கலம் சாலைப் பக்கம் உள்ள கொங்கர்புளியங்குளம் போதும். ஏற்றம் சுலபம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்படுக்கைகளும் மூன்று தமிழ் பிராமிக் கல்வெட்டுகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அருகில் ஒரு பாறையில் சமண சமய ஆசானான தீர்த்தங்கரர் ஒருவரின் உருவமும், அதன் கீழ், பிராமிக்குப் பின் வந்த வட்டெழுத்தில் அச்சணந்தி என்ற துறவியின் பெயரும் உண்டு. ஆக, இரு வேறு காலத்து எழுத்தை ஒரே காலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்று பிற்பகல் கீழடி அருங்காட்சியகம். வெயில் நேரத்துக்கு அதுதான் சரி. வார விடுமுறை உண்டு, தேதி குறிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். 2014-15இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் கீறிய எழுத்துகளை அங்கே பார்க்கலாம். ‘ஆதன்’ என்ற பெயர் ஓட்டில் இருக்கிறது. காலையில் கொங்கர்புளியங்குளத்தில் படித்த ஒரு கல்வெட்டில் பாகனூரைச் சேர்ந்த ‘பேராதன்’ வருவான். இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். காலையில் எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பானையோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டுப் பேரில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அப்படித் தானாகக் கிடைத்த பெயர் மறக்காது.

இரண்டாம் நாளுக்குச் சமணர்மலை. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடிக்குத் திரும்ப வேண்டும். தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அங்கிருந்து படி. பேச்சிப்பள்ளம் கிழக்குச் சரிவில் இருப்பதால் காலையில் ஏறுங்கள். வரிசையாகச் செதுக்கிய சமண உருவங்களில் பாகுபலியையும், பாம்புப் படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதரையும் குழுவே அடையாளம் காணட்டும். உடலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி, தலைக்கு மேல் பாம்பு விரிந்திருந்தால் பார்சுவநாதர். முன்கூட்டிச் சொல்ல வேண்டிய குறிப்பு அவ்வளவுதான். உருவங்களின் கீழே இருப்பது வட்டெழுத்து, சுமார் 9ஆம் நூற்றாண்டு. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கட்டடத்தின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதற்கும் மேலே கன்னடக் கல்வெட்டோடு ஒரு தீபத்தூண். தென்மேற்குப் பக்கத்துச் செட்டிப்புடவு என்ற குகையை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெயிலில் அங்குள்ள பெரிய உருவத்தின் முகம் தெளியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

மூன்றாம் நாள் கிடைத்தால் மேலூர் சாலைப் பக்கம் போங்கள். மாங்குளம் அப்போது கைக்கு எட்டும். ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் 1882இல் கவனித்த கல்வெட்டுகள் அவை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு அவை தெளிவாக வாசிக்கப்பட்டது 1960களில், கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனால். அறிஞர்களுக்கே எண்பது ஆண்டு பிடித்த வரி என்று தெரிந்தால், அரைமணி நேரத்தில் படிக்க வரவில்லையே என்று யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள். போகும் வழியில் ஒத்தக்கடை ஆனைமலையின் நரசிங்கர் குடைவரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறன்காரி குடைவித்த அந்தக் கோயிலின் கல்வெட்டில் கலியாண்டு 3871 என்றே குறித்திருக்கிறது. அதாவது கி.பி. 770. காலம் தன் மேலேயே எழுதியிருக்கும் கல்வெட்டு அபூர்வம். மற்ற வட்டெழுத்துகளின் வயதைக் கணிக்க இது ஓர் அளவுகோல். வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் பூஜை நேரம் பார்த்துப் போய், பட்டரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

ஒரே நாளில் ஐந்து இடம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். மூன்றாவது இடத்தில் செல்ஃபி எடுக்க மட்டுமே தெம்பு இருக்கும்.

புறப்படும் முன்: இரண்டு மணி நேர வகுப்பு

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுங்கள். முதல் ஒரு மணி நேரம் அவரவர் பெயரைத் தமிழ் பிராமியில் எழுதிப் பழகட்டும். ஆளுக்கு ஓர் எழுத்து அட்டவணை, பிளாக்போர்டில் ஓரிரு எழுத்து, போதும். கூட்டல் குறி மாதிரி இருந்தால் க. ஒற்றை நேர்கோடு ர. வட்டத்தின் மேல் ஒரு கம்பு நட்டால் வ. ஆங்கில டி எழுத்தைத் தலைகீழாக்கினால் ந. ஆங்கில ஐ மாதிரி மேலும் கீழும் கோடு போட்டால் ண. இந்த ஐந்தோடு தொடங்கினால் மிச்சம் தானாக வரும்.

பிறகு உயிர்க்குறி. தலையில் வலப்பக்கம் ஒரு சிறு கோடு ஆகாரம், இடப்பக்கம் இருந்தால் எகரம், அடியில் இருந்தால் உகரம். எல்லோரும் தடுக்கி விழும் இடமும் இதுதான். பழைய கல்வெட்டுகளில் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் அதே ஒரே கோடு. கோடே இல்லாத எழுத்து மெய்யெழுத்து. புள்ளி கிடையாது. இந்த முறையும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. அதனால் ‘மாதாவான’ என்பது போல ஏதாவது வந்தால், தவறாகப் படித்துவிட்டோம் என்று விடாமல் குறிலாக மாற்றி மறுபடி கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் பாறைக்கு முன்னால் பத்து நிமிடத்தில் ஆர்வம் வடிந்துவிடும்.

இரண்டாவது மணி நேரத்தில் கல்வெட்டுப் படம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து, இருவர் இருவராகப் படிக்க விடுங்கள். ஆனால் நீங்கள் போகப்போகும் இடத்தின் படத்தைக் கொடுக்காதீர்கள். விடை தெரிந்துவிட்டால் பாறையைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பாறைக்கு முன்னால்

போனதும் பேசாதீர்கள். நடத்துபவருக்கு இதுதான் மிகக் கடினமான வேலை. முதல் இருபது நிமிடம் விளக்கம் கிடையாது, போன் பையில், நோட்டும் பென்சிலும் கையில். முதல் பத்து நிமிடம் எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மட்டும் தேட வேண்டும். அடுத்த பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டதைப் பட்டபடி வரைய வேண்டும், படிக்கக் கூடாது. வரையும்போதுதான் இயற்கை வெடிப்பு எது, உளி பட்ட இடம் எது என்ற வித்தியாசம் கைக்குத் தெரியும். உளிக்கோடு ஒரே அகலத்தில் ஓடி, சட்டென்று நிற்கும். வெடிப்பு மெலிந்து மெலிந்து மறையும், பக்கத்து எழுத்தையும் தாண்டிப் போகும்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். நேர் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். பாறையை ஒட்டி, பக்கவாட்டில், தளத்தோடு 10 முதல் 15 பாகை சாய்வில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழுந்து நிற்கும். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு கீழிருந்து. இடமிருந்து வரும் ஒளியில் படுக்கைக் கோடுகள் மங்கலாகத்தான் தெரியும், கீழிருந்து வரும் ஒளியில் அவை தெளியும். அதனால் மூன்று திசையிலும் பார்க்காமல் ஓர் எழுத்தை முடிவு செய்யாதீர்கள். ஒருவர் டார்ச், ஒருவர் வரைபவர், ஒருவர் அட்டவணையோடு ஒப்பிடுபவர், ஒருவர் சந்தேகம் கேட்பவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எழுத்து உயரத்தில் இருந்தால் ஏறப் பார்க்காதீர்கள், 8 மடங்கு பைனாகுலர் ஒன்று குழுவுக்குப் போதும்.

கடைசியாகத்தான் அச்சான வாசிப்பை எடுத்துக் காட்டி, வரைந்ததோடு ஒப்பிட வேண்டும். குழு படித்தது அச்சில் இருப்பதிலிருந்து மாறினால், எந்த எழுத்தில் மாறுகிறது என்று வட்டமிட்டு வையுங்கள். ‘கொடுபித்த’ என்பது போன்ற சொல் பல குகைகளில் திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் பிடித்துவிட்டால் அடுத்த மலையில் அதுவே கைப்பிடி.

எழுத்தின் மேல் சாக்பீஸ், மாவு, தண்ணீர், எண்ணெய் எதுவும் படக் கூடாது. ‘தெளிவாகத் தெரிய’ என்று செய்யும் இந்த உதவிதான் எழுத்தை அழிக்கிறது. மை தடவிப் படி எடுப்பது அனுமதி பெற்ற ஆய்வாளர் வேலை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் மத்தியச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கற்படுக்கைகளில் படுத்து, உட்கார்ந்து படம் எடுப்பதையும் முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

வெயில், தண்ணீர், தேனீ, குரங்கு

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழைக்குப் பிறகு சுனைகளில் தண்ணீர் நிற்கும். துறவிகள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள், பாசி படிந்த பாறை வழுக்கும். பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கே பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். எந்த மாதமானாலும் காலை ஏற்றத்துக்கு ஊரிலிருந்து ஆறு மணிக்குப் புறப்பட்டு, ஏழுக்கு முன் அடிவாரம் சேர்ந்து, பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குழுவுக்கு நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கிரேப் பேண்டேஜ் ஒன்று. ரப்பர் அடி உள்ள ஷூ வேண்டும், தேய்ந்த செருப்பு ஆகாது. கோயில் எல்லையில் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கயிறு கட்டாத வகையாக இருந்தால் நல்லது. காலைச் சாப்பாட்டுக்கு எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி வெயிலில் ஊசிப்போகும். பொட்டலத்தை மலைக்கு மேல் பிரிக்காதீர்கள், குரங்கு கவ்வும். கையில் தொங்கும் பாலிதீன் பையைப் பார்த்தாலே வரும், ஆகவே எல்லாம் முதுகுப் பைக்குள் இருக்கட்டும். மலையில் கழிப்பறை இல்லை. போகும்போதே மெயின் ரோட்டு ஓட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி விடுங்கள். பெண்கள் இருக்கும் குழுவில் இதை மறந்தால் அவர்கள் தண்ணீர் குடிக்காமலே மலையேறுவார்கள், மயக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

குகை நெற்றியில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் அன்றைய திட்டத்தை விட்டுவிட்டுத் திரும்புங்கள். சென்ட், புகை, கூச்சல் மூன்றுமே தேனீயைக் கிளப்பும்.

ஊர்க்காரர்கள்

மலை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கலாம், ஆனால் அடிவாரத்தில் இருப்பது அய்யனாரும் அவரைக் கும்பிடும் ஊரும்தான். முந்தின வாரமே ஒருமுறை போய், பூசாரியிடமும் டீக்கடையிலும் எத்தனை பேர், எதற்காக வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ‘அண்ணே, கல்வெட்டுப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம், சாமிக்கு ஏதும் விசேஷம் இருக்கா?’ என்று கேட்டால் போதும், வழி, தேனீக்கூடு, திருவிழா எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். குழு ஏறி இறங்கிய பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். பாறைக்கும் சுனைக்கும் ஊரில் என்ன பெயர், அதைப் பற்றி என்ன கதை என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று ஊர் சொன்னால் அதுவும் ஒரு வரலாறுதான்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்கும் போனால் அங்கே இந்த உட்காரல் இன்னும் முக்கியம். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துச் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் திரண்டு நின்றன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. குகையின் எழுத்தும் சிவ வடிவமான லகுலீசரின் சிற்பமும் இன்று உங்களுக்குப் பார்க்கக் கிடைப்பதில் அந்த ஊர்க்காரர்களின் பங்கு என்ன என்பதை அவர்கள் வாயாலேயே குழு கேட்கட்டும்.

திரும்பிய பிறகு

ஒரு வாரத்துக்குள் எல்லோருடைய வரைபடங்களையும் ஒரே இடத்தில் பரப்பி, வட்டமிட்ட எழுத்துகளை மறுபடி பாருங்கள். வாரம் தாண்டினால் யாருக்கும் நினைவிருக்காது. நல்ல நகல் ஒன்றை அடிவாரத்து ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள். பாறையில் புதிதாகப் பெயின்ட், உடைப்பு, வெடிமருந்துத் துளை எதையாவது பார்த்திருந்தால் தேதியோடு படமெடுத்துத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். இதுவரை யாரும் குறிப்பிடாத எழுத்து என்று தோன்றினாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். இடத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், துறை பார்க்கும் முன் சாக்பீஸ் போய்ச் சேர்ந்துவிடும்.