169.254 என்று முகவரி வந்தால்

வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது, இணையம் மட்டும் வரவில்லை என்றால், விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியிடம் (வீட்டில் பெரும்பாலும் ரௌட்டர்தான் இது) கேட்டும் பதில் வராததால் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அதே வைஃபையில் கைப்பேசி ஓடினால் கோளாறு பெரும்பாலும் கணினியில்தான். நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், அப்புறம் ஐபிகான்ஃபிக்குடன் சாய்கோடு போட்டு ரினியூ (ipconfig /renew) கொடுங்கள்.

அறைகளை வாடகைக்கு விட்டு நிறையப் பேர் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ரௌட்டரையும் அவசியம் பாருங்கள். அது கொடுக்கும் முகவரி வரம்பை 192.168.1.100 முதல் 149 வரை என்று வைத்திருந்தால் மொத்தமே 50 முகவரிதான்; இப்போதைய கைப்பேசிகள் சில, அமைப்பைப் பொறுத்து, மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) மாற்றிக்கொண்டு வருவதால் ஒரே கைப்பேசி இரண்டு மூன்றைப் பிடித்துக்கொள்ளலாம், பழையது லீஸ் (முகவரி கொடுக்கப்பட்ட காலம்) முடியும்வரை விடுபடாது. வரம்பைக் கூட்டி, லீஸ் நேரத்தைக் குறையுங்கள், இதுதான் சரியான தீர்வு.

ரௌட்டர் இல்லாமல் நேராக ஃபைபர் பெட்டியில் கேபிள் செருகுகிறீர்களா? சேவை நிறுவனம் இயக்கிவிட்ட லேன் துளையில் மட்டும்தான் இணையம் வரும். பெட்டியைச் சில நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள், பழைய சாதனத்தின் பதிவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.