அல்லியா, நீலாம்பலா? இலையைப் பார்த்து இனம் காணும் முறை

கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளில் தொட்டிக்கு அல்லி வாங்கப் போகும் நம்மவர் பலர், பூவின் நிறத்தை மட்டும் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்கின்றனர். நிறத்தை நம்புவதற்கில்லை. நிம்பேயா பூபெசன்ஸ் என்னும் அல்லி வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். நிம்பேயா நௌச்சாலி என்னும் நீலாம்பலோ, பெயருக்கு மாறாக, ஏறக்குறைய வெண்மையாகவும் பூப்பதுண்டு. இலங்கையின் தேசிய மலர் இந்த நீலாம்பல்தான்.

ஆகவே முதலில் இலையைப் பாருங்கள். இளஞ்செடியின் நீரடி இலைகளை விட்டுவிட்டு, நன்கு முதிர்ந்து மிதக்கும் இலை ஒன்றை எடுத்து, அதன் விளிம்பை விரலால் தடவுங்கள். ரம்பம்போல் கூரிய பற்கள் சீராக அமைந்திருந்தால் அது அல்லி. பற்களின்றியோ, மழுங்கிய அலைகளாகவோ இருந்தால் நீலாம்பல். பிறகு இலையைப் புரட்டி, அடிப்புறத்தின் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். அல்லியில் நரம்புகள் புடைத்து நிற்பதோடு மென்மயிர்ப் படலமும் தட்டுப்படும். நீலாம்பலின் அடிப்புறம் வழவழப்பாக இருக்கும். இவ்விரண்டிலும் விளிம்பிலிருந்து காம்புவரை காணும் பிளவு இலையில் இல்லாமல், நீருக்கு மேலே குடைபோல் நின்றால் அது தாமரை. அதன் குடும்பமே வேறு.

பூ கிடைத்தால் மகரந்தத்தாள்களைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நீலாம்பலில் மகரந்தப்பைக்கு மேலே, இதழின் நிறத்தில் சிறு நுனி நீண்டிருக்கும். அல்லியில் அது இராது. என் கருத்தில் இதைவிட உறுதியான அடையாளம் வேறில்லை.

வாங்குவோருக்கு மலரும் நேரமும் முக்கியம். அல்லி அந்தியில் விரிந்து, மறுநாள் முற்பகலில் கூம்பும். நீலாம்பல் வெயில் ஏறிய பிறகே விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். கோலாலம்பூரில் விடிவதே ஏழு மணியை ஒட்டி என்பதால், காலையில் வேலைக்குக் கிளம்பிப் பொழுது சாய்ந்து வீடு திரும்புவோர் நீலாம்பலின் விரிந்த பூவை விடுமுறை நாளில்தான் காண முடியும். அவர்களுக்கு அல்லியே ஏற்றது.

எதை வாங்கினாலும் தொட்டியில் சில கப்பி மீன்களை விடுங்கள். கொசுப்புழுக்களை அவை தின்றுவிடும்.

இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்தில் குட்டிச்செடி முளைத்திருந்தால், விற்பவர் என்ன பெயர் சொன்னாலும், அது இவ்விரண்டில் எதுவுமன்று. பெரும்பாலும் ஆப்பிரிக்க இனத்தின் கலப்பில் உருவான தோட்டவகையாகவே இருக்கும்.